இரண்டு சாவியும் எங்கள் ஊரில் இருந்த நாள்

பூட்டுப் போட்ட அன்று ஓடைத் தடுப்பணையில் இருந்தவர்கள்: எங்கள் ஊர்க்காரர்கள் பதினோரு பேர், அக்கரை ஊர்க்காரர்கள் பதினோரு பேர். ஒரு பக்கம் ஒரு தலை கூடினாலும் தகராறு வரும் என்று எண்ணித்தான் அழைத்து வந்திருந்தோம். தாலுகா ஆபீசிலிருந்து வந்த வருவாய் ஆய்வாளர் இருந்தார். காவலுக்கு இரண்டு போலீஸ்காரர்கள். என் அப்பா இருந்தார். அடிதடி வழக்கில் மூன்றாவது பெயர் அவருடையது. என் அக்காவைக் கட்டியிருக்கும் அக்கரை ஊர் மச்சான் இருந்தார். அதே வழக்கில் எதிர்த்தரப்பில் ஐந்தாவது பெயர் அவருடையது. ஒப்பந்தத் தாளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு நெஞ்சோடு பிடித்தபடி நான் இருந்தேன்.

இல்லாதவர்கள்: சண்டையில் மோட்டார் சைக்கிளைப் பறிகொடுத்த அக்கரை ஊர் அண்ணன். "எரிச்சவன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அப்புறம், பூட்டின் இரண்டு சாவிகளையும் வைத்துக்கொள்ளப் போகிற இரண்டு பெண்கள். அவர்களை யாருமே கூப்பிடவில்லை. தாளை எழுதிய எனக்கும் கூப்பிடத் தோன்றவில்லை. அது எவ்வளவு பெரிய தப்பு என்பது ஐந்து மாதம் கழித்துத் தை மாதத்தில்தான் தெரிந்தது.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். சிறுமலையிலிருந்து இறங்குகிற ஓடை, சாணார்பட்டிப் பக்கம் சமதரைக்கு வந்ததும் இரண்டாகப் பிரிகிறது. பிரிகிற இடத்தில் ஒரு பழைய தடுப்பணை. அதில் ஒரு இரும்பு ஷட்டர். மேலே சக்கரம் போல ஒரு பிடி. அதைத் திருகினால் ஷட்டர் ஏறும், இறங்கும். இறங்கியிருந்தால் தண்ணீர் முழுக்க எங்கள் குளத்துக்கு வரும். ஏறியிருந்தால் பெரும்பகுதி அக்கரை ஊர்க் குளத்துக்குப் போகும். சண்டை முழுவதும் அந்த ஒரு சக்கரத்தில்தான் இருந்தது.

நான் சின்னவனாக இருந்தபோது அந்தச் சக்கரத்தை யாரும் தொட்டதே இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் வாரக்கணக்கில் ஓடை போகும். இரண்டு குளமும் நிறையும். ஷட்டர் துருப்பிடித்துப் பாதியில் நின்றது, நின்றபடியே இருந்தது. பிறகு மழை மாறியது. ஒரு வருடம் வரவே வராது; அடுத்த வருடம் வந்தால் ஒரே பகலில் கொட்டிவிட்டு நின்றுவிடும். ஓடை ஓடுவது வருடத்துக்கு இரண்டு நாள், மூன்று நாள் என்று சுருங்கியதும், அந்த இரண்டு நாளில் ஷட்டர் யார் கையில் இருக்கிறதோ அந்த ஊருக்குத்தான் வெள்ளாமை என்று ஆகிவிட்டது. துருவுக்கு எண்ணெய் விட்டவர்கள் நாங்களா அவர்களா என்று இன்றைக்கும் ஒத்துக்கொள்ள ஆளில்லை. ஒரு மத்தியானம் இரண்டு ஊரும் தடுப்பணையில் கல்லெடுத்துக்கொண்டது. ஒருவருக்குக் கை முறிந்தது. ஒரு மோட்டார் சைக்கிள் எரிந்தது. எங்கள் தரப்பில் பதினாலு பேர் மேல் வழக்கு, அவர்கள் தரப்பில் பதினாறு.

அதற்கப்புறம் இரண்டு வருடம் அக்கா எங்கள் வீட்டுக்கு வரவில்லை. வரக்கூடாது என்று அவள் வீட்டிலும் சொல்லவில்லை, எங்கள் வீட்டிலும் சொல்லவில்லை. ஊர் சொன்னது. அம்மாவும் அக்காவும் மாதத்துக்கு ஒருமுறை திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் சந்தித்துக்கொள்வார்கள். வத்தலகுண்டு பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்து, தூக்குவாளியை மாற்றிக்கொண்டு, அரைமணி நேரம் பேசிவிட்டு, தனித்தனி பஸ்ஸில் ஏறி ஒரே திசையில் வருவார்கள்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் தாண்டியவன் நான் ஒருவன்தான். திண்டுக்கல்லில் கல்லூரி, அரசியல் படித்தேன். ஒருநாள் வகுப்பில், பருவநிலை மாறினால் நாடுகளுக்குள்ளேயும் நாடுகளுக்கு நடுவிலும் எப்படிச் சண்டை வரும் என்று பாடம் நடந்தது. பெரிய பெரிய ஆறுகள், எல்லைகள், ராணுவம் என்று பலகையில் எழுதிக்கொண்டே போனார்கள். எனக்கு உடம்பெல்லாம் பரபரவென்று ஆகிவிட்டது. கையைத் தூக்கினேன். "சார், இது எங்க ஊர்ல நடந்து முடிஞ்சிருச்சு சார். எங்கப்பா மூணாவது அக்யூஸ்டு" என்றேன். வகுப்பே சிரித்தது. எனக்கு வெட்கமே இல்லை. பாடப் புத்தகத்துக்குள் எங்கள் ஓடை ஓடுவதை முதன்முதலாகப் பார்த்தவனுக்கு எங்கிருந்து வெட்கம் வரும்?

அன்றையிலிருந்து நூலகமே கதி. ஆற்றைப் பங்குபோட்டுக்கொண்ட நாடுகள் என்னென்ன எழுதி வைத்துக்கொண்டன என்று தேடித்தேடிப் படித்தேன். முறை, அளவு, யார் பார்ப்பது, மீறினால் என்ன. அதையெல்லாம் எங்கள் ஓடைக்குச் சுருக்கி பதினாலு பாயின்ட் எழுதினேன். ஓடை ஓடும் நாட்களில் ஒரு நாள் உங்களுக்கு, ஒரு நாள் எங்களுக்கு. ஷட்டர் சக்கரத்தில் சங்கிலி, சங்கிலியில் பூட்டு. பூட்டுக்கு இரண்டு சாவி. இரண்டும் சேர்ந்தால்தான் திறக்கும். ஊருக்கு ஒரு சாவி. பூட்டை ஓர் ஊர் உடைத்தாலும், மற்ற ஊரைக் கேட்காமல் திறந்தாலும், ஒப்பந்தம் அன்றோடு முடிந்தது. வழக்கில் பேசி வைத்த சமாதானமும் அதோடு போனது. இந்தக் கடைசிப் பாயின்ட்டை எழுதியபோது பேனா முனை தாளைக் கிழித்துவிட்டது. அவ்வளவு அழுத்தி எழுதினேன்.

சாவியை யார் வைத்துக்கொள்வது என்பதில்தான் மூன்று வாரம் போனது. யார் பெயரைச் சொன்னாலும் எதிர் ஊர் "அவன் வேணாம்" என்றது. ஒருநாள் அம்மா அடுப்படியில் கத்தரிக்காய் அரிந்துகொண்டே கேட்டாள்.

"ரெண்டு ஊருக்கும் பொதுவா ஒரு ஆளு வேணும், அம்புட்டுத்தான?"

"அப்படி ஒரு ஆளு பூமியில இல்லம்மா."

"ஏன் இல்ல? கட்டிக்குடுத்தவ இருக்காளே. இங்க பொறந்து அங்க வாக்கப்பட்டவகிட்ட அந்த ஊரு சாவியக் குடு. அங்க பொறந்து இங்க வாக்கப்பட்டவகிட்ட இந்த ஊரு சாவியக் குடு. எவ தன் பொறந்த ஊருக்கும் புகுந்த ஊருக்கும் துரோகம் பண்ணுவா?"

நான் அம்மாவைத் தூக்கிச் சுற்றாத குறை. இரண்டு ஊரும் ஒரே நாளில் ஒத்துக்கொண்டது. அவர்கள் சாவி என் அக்காவிடம். எங்கள் சாவி, அக்கரை ஊரில் பிறந்த எங்கள் டீக்கடைக்காரர் மனைவியிடம்.

பூட்டு வாங்க மச்சானும் நானும் திண்டுக்கல் போனோம். ஊருக்கு ஒரு ஆள் என்பதும் பாயின்ட். இரண்டு வருடம் கழித்து அவரோடு ஒரே பஸ்ஸில் போகிறேன். முன் சீட்டில் அவர், பின் சீட்டில் நான். டிக்கெட் அவரவர் காசு. கடைவீதியில் பூட்டுக்கடை பாய் எங்கள் இருவரையும் மேலும் கீழும் பார்த்தார்.

"ரெண்டு சாவி போட்டாத்தான் தொறக்கணுமா? கோயில் உண்டியலா? கூட்டு வியாபாரமா?"

"தண்ணிக்கு பாய்" என்றேன்.

"தண்ணிக்கா! யா அல்லா, தண்ணிக்குப் பூட்டுக் கேட்டு வந்தது நீங்கதான் தம்பி மொதல்." உள்ளே போய்க் கனமான பித்தளைப் பூட்டு ஒன்றை எடுத்து வந்தார். "இந்தாங்க. ஆளுக்கு ஒரு சாவி. மூணாவது கெடையாது. தொலைச்சா எங்கிட்ட வந்து அழக்கூடாது. ஆமா, நீங்க ரெண்டு பேரும் என்ன ஒறவு?"

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். "அவரு எங்கக்கா வீட்டுக்காரரு" என்றேன். "அவன் எம் பொண்டாட்டி தம்பி" என்றார் அவர். பாய் விழுந்து விழுந்து சிரித்தார். திரும்பும் வழியில் மச்சான் என் பக்கத்துச் சீட்டில் வந்து உட்கார்ந்து, "பிரியாணி சாப்டிருக்கலாம்ல மாப்ள?" என்று கேட்டார். அதற்குள் பஸ் திண்டுக்கல்லைத் தாண்டிவிட்டது.

ஐப்பசியில் ஓடை ஒரு பகலும் அடுத்த நாள் மத்தியானம் வரையும் ஓடியது. முதல் நாள் அவர்களுக்கு. இரண்டாம் நாள் காலை ஆறு மணிக்கு அக்காவும் டீக்கடை அக்காவும் வந்து சாவி போட்டார்கள். ஷட்டர் எங்கள் பக்கம் இறங்கியது. ஒரு சத்தம் இல்லை. போலீஸ்காரர் ஒருவர் கொட்டாவி விட்டார். அந்தக் கொட்டாவியைப் பார்த்தபோது எனக்கு வந்த சந்தோஷம் பரீட்சை முடிவைப் பார்த்தபோதுகூட வந்ததில்லை. அதற்கப்புறம் மழை இல்லை. ஷட்டர் எங்கள் பக்கம் இறங்கியபடியே பூட்டிக் கிடந்தது. சண்டைக்குப் பிறகு முதன்முறையாக அந்தப் பொங்கலுக்கு அக்கா வீட்டுக்கு வந்தாள். தெருவே எட்டிப் பார்த்தது.

தை மாதத்தில் எங்கள் பக்கம் பனிதான் இறங்கும். அறுவடைக் காலம். அந்த வருடம் மாட்டுப் பொங்கல் அன்று மத்தியானம் சிறுமலை கறுத்தது. பிறகு பெய்தது. பெய்தது என்றால், விடிய விடிய விடாமல் பெய்தது. மறுநாள் காலை ஒன்பது மணிக்கு டிராக்டர் வைத்திருக்கும் எங்கள் சித்தப்பா முறைக்காரர் தொடை வரை சேற்றோடு எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"அண்ணே, கெழக்குக் கரை கசியுது. மறுகால்ல சீமைக்கருவேலம் அடைச்சுக் கெடக்கு, தண்ணி போக வழி இல்ல. ஓடைத் தண்ணி அம்புட்டும் நம்ம கொளத்துக்குத்தான் வருது. ஷட்டரைத் தூக்கலேன்னா மத்தியானத்துக்குள்ள கரை போயிரும்."

கரைக்குக் கீழே இருபத்துமூன்று வீடுகள். எல்லோரும் குளத்துக்கு ஓடினோம். அந்தக் குளம் அப்படி நிரம்பி நான் பார்த்ததே இல்லை. அலை அடித்துக் கரை மேல் தெறித்தது. கிழக்கே ஓரிடத்தில் சேற்று நிறத்தில் தண்ணீர் ஊறி இறங்கியது. பயமும் ஒரு மாதிரி கொண்டாட்டமும் சேர்ந்து எல்லோரும் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"பேப்பர் எங்கடா?" என்றார் டிராக்டர் சித்தப்பா. "படிச்சவன் எழுதுன பேப்பரு! தண்ணி கம்மியா வந்தா என்ன செய்யணும்னு பதினாலு பாயின்ட்டு. கூட வந்தா என்ன செய்யணும்? ஒரு பாயின்ட்டாவது இருக்கா பாத்துச் சொல்லு அப்பு."

இல்லை. எனக்கு மனப்பாடமாகத் தெரியும், இல்லை. தண்ணீர் வராது என்ற பயத்திலேயே எழுதிய தாள் அது.

அப்போதுதான் கூட்டத்தில் யாரோ சொன்னார்கள்: "ஏப்பா, அவுக சாவி வச்சிருக்க புள்ள பொங்கலுக்கு இங்கதான வந்திருக்கு? ரெண்டு சாவியும் நம்ம ஊர்லதான இருக்கு!"

பிறகு ஒரே ஆரவாரம். கட்டிக்கொடுத்த பெண் பொங்கலுக்குப் பிறந்த வீட்டுக்கு வருவாள். வரும்போது இடுப்புச் சாவிக்கொத்தும் கூடவே வரும். இது எங்கள் இரண்டு ஊரிலும் குழந்தைக்குக்கூடத் தெரியும். இருபத்திரண்டு ஆண்கள் உட்கார்ந்து பேசிய ஒப்பந்தத்தில் ஒருவனுக்கும் இது தோன்றவில்லை. இப்போது நாங்கள் யாரையும் கேட்காமல் ஷட்டரைத் தூக்கலாம். எங்கள் கரை பிழைக்கும். தண்ணீர் நேராக அக்கரை ஊர் வாய்க்காலில் போய் இறங்கும். அதோடு என் தாளும், வழக்கின் சமாதானமும், அக்கா எங்கள் வாசலுக்கு வந்த வழியும் போய்விடும்.

டீக்கடை அக்கா தன் சாவியை நீட்டினார். "இது இந்த ஊருச் சாவி. நீங்க கேட்டா குடுக்கணும், இந்தாங்க. அவ சாவிய அவகிட்ட கேட்டுக்கங்க."

எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள். அவள் மழைக்குத் தலையில் உரச்சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு, சாவிக்கொத்தைக் கையில் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"அவங்களைக் கேட்டீங்களா?" என்றாள்.

"யாரைக் கேக்கணும்? ஒனக்குப் பொறந்த ஊருத்தா இது!" என்றார் டிராக்டர் சித்தப்பா.

"பொறந்த ஊருதான் சித்தப்பா. சாவி அந்த ஊருச் சாவில்ல? வாய்க்கா ஓரமா வெங்காயம் பிடுங்கிக் குமிச்சுப் போட்ருக்கு. சொல்லாமத் தொறந்தா ஒண்ணும் மிஞ்சாது."

அம்மா முன்னால் வந்தாள். "அடியே, ஒங்கப்பன் வீட்டுக்குள்ள தண்ணி வந்தாத்தான் குடுப்பியா?"

"நம்ம வீடு மேட்டுல இருக்கும்மா. நீ செத்த நேரம் சும்மா இரு."

அந்த நெருக்கடியிலும் நாலைந்து பேர் சிரித்துவிட்டார்கள். ஆனால் பின்னால் நின்ற இளவட்டங்கள் சிரிக்கவில்லை. "பிடுங்கிட்டு வாங்கடா" என்று ஒரு குரல் கேட்டது. அப்பா சட்டென்று அக்காவின் பக்கத்தில் போய் நின்றார். மூன்றாவது பெயர் என்பதால் அவர் நின்றதே போதுமாக இருந்தது. நான் அக்காவிடம், "மச்சானுக்குப் போன் போடு, ஸ்பீக்கர்ல போடு" என்றேன்.

மூன்றாவது ரிங்கில் மச்சான் எடுத்தார். "என்னடி, ஒங்கப்பன் கெடா வெட்டுனாரா இல்லையா?"

அறுபது பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"கெடா கெடக்கட்டும். இங்க கரை ஒடையப் போகுது. ஷட்டரைத் தூக்கணும்கிறாங்க. சாவி எங்கிட்ட இருக்கு. கேக்காமக் குடுக்க மாட்டேன்னு நிக்கிறேன்."

"யாருகிட்ட நிக்கிற?"

"ஊரே நிக்குது."

"ஸ்பீக்கர்லயா போட்ருக்க?"

"ஆமா."

அந்தப் பக்கம் செருமல் கேட்டது. "எல்லாருக்கும் வணக்கம்" என்றார் மச்சான்.

மச்சான் தன் ஊரில் போய்ச் சொல்ல, இரண்டு தரப்பும் ஓடைக்கு வந்தது. தடுப்பணைக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அவர்கள். நடுவில் ஓடை சிவப்பாகச் சீறிப் போகிறது. கல்லெடுத்த அன்று நின்ற அதே இடத்தில் நின்றோம். அவர்களில் சிலர் கையில் கம்பு இருந்தது. எங்களில் சிலர் கையில் கடப்பாரை. மழைச் சத்தத்தில் யார் பேசினாலும் கத்தித்தான் பேச வேண்டும். கத்திப் பேசினால் எல்லாம் சண்டை மாதிரியே கேட்கும்.

"ஒங்க தண்ணி எங்களுக்கு வேணாம்!" என்று அங்கிருந்து ஒருவர் கத்தினார்.

"ரெண்டு வருசத்துக்கு முன்னாடி மண்டைய ஒடச்சு இதத்தானய்யா கேட்டீங்க! இந்தா, எடுத்துக்கங்க!" என்றார் டிராக்டர் சித்தப்பா.

இரண்டு கரையிலும் சிரிப்பு வெடித்தது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் பேசிவிட வேண்டும் என்று எனக்குப் பட்டது. தடுப்பணைச் சுவர் மேல் ஏறினேன். காலடியில் தண்ணீர் உதைத்தது. "எவ்வளவு நேரம் வேணும் மச்சான்?" என்று கேட்டேன்.

"ஒம்பது பேரு வெங்காயம் மாப்ள. எங்ககிட்ட ஒரு டிராக்டர்தான் இருக்கு. மூணு மணி நேரம்."

"கரை மூணு மணி நேரம் தாங்காது. எங்க ஊர்ல நாலு டிராக்டர் இருக்கு. ஆளும் டிராக்டரும் அங்க வாரோம். ஒவ்வொரு லோடு மேடேறவும் ஷட்டரை ரெண்டு திருகு தூக்குறோம். சம்மதமா?"

எங்கள் ஆட்களே திகைத்துப் போனார்கள். "அவங்க வெங்காயத்த நாம சுமக்கணுமா?" என்று ஒருவன் முணுமுணுத்தான். "சொமந்தாத்தாண்டா ஷட்டர் ஏறும், வண்டிய எடு" என்று டிராக்டர் சித்தப்பாவே அவன் முதுகில் தட்டினார். அந்தப் பக்கம் மச்சான் திரும்பித் தன் ஆட்களோடு கூட்டமாகக் குனிந்து பேசினார். பிறகு ஒவ்வொரு கம்பாகக் கீழே விழுந்தது.

அடுத்த இரண்டு மணி நேரத்தை நான் வாழ்நாளில் மறக்க மாட்டேன். நாலு டிராக்டரும் ரோட்டுப் பாலம் வழியாகச் சுற்றிக்கொண்டு அக்கரைக்குப் போயின. நாற்பது பேர் ஏறிப் போனார்கள், அப்பாவும் சேர்த்து. அக்காவும் டீக்கடை அக்காவும் இரண்டு சாவியையும் போட்டுத் திறந்தார்கள். சங்கிலி கழன்றது. சக்கரத்தில் நானும் இன்னும் மூன்று பேரும். அக்கா காதில் போன்.

"ஒண்ணு ஏறிருச்சாம்!" என்று கத்துவாள்.

"ரெண்டு திருகு!" என்று நாங்கள் கத்துவோம்.

சக்கரம் முனகிக்கொண்டு சுற்றும். ஷட்டரின் அடியில் தண்ணீர் ஒரு கோடு தடிக்கும். மறுபடியும் காத்திருப்பு. கரையில் மண்மூட்டை அடுக்குகிறவர்கள் "இன்னும் எத்தன?" என்று கத்துவார்கள். "அடுத்தது வருது!" என்று நாங்கள் கத்துவோம். நாலு, ஆறு, எட்டுத் திருகு. ஒரு முறை அக்கா, "லோடு ஏறலையாம், சேத்துல மாட்டிக்கிச்சாம்!" என்றாள். எங்கள் பக்கத்து இளவட்டம் ஒருவன் சக்கரத்தில் கை வைத்தான். அவள் அவன் கை மேல் தன் கையை வைத்தாள். காத்திருந்தோம். கிழக்குக் கரையில் ஒரு ஆள் நீளத்துக்கு மண் சரிந்து குளத்துக்கு வெளியே விழுந்த சத்தம் எங்களுக்கே கேட்டது. அம்மா "முருகா" என்றாள். போனில் மச்சான் குரல்: "ஏறிருச்சு, ஏறிருச்சு, தூக்கு!" அவ்வளவு வேகமாக அந்தச் சக்கரத்தை நான் திருப்பியதே இல்லை.

அக்கரையில் நடந்ததை மச்சான் பிறகு சொன்னார். மோட்டார் சைக்கிள் எரிந்த அண்ணன் தன் வெங்காயக் குவியலுக்கு முன்னால் நின்றுகொண்டு, எங்கள் ஊர் ஆள் யாரும் தொடக்கூடாது என்றாராம். அப்பா போய் அவர் காலடியில் கிடந்த மூட்டையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டாராம்.

"வண்டிய எரிச்ச கையா இது?"

"எரிச்சது நான் இல்லப்பா. எரியயில பாத்துக்கிட்டு நின்னேன். அதுவும் தப்புத்தான். இப்ப வழிய விடு, தண்ணி வருது."

அவர் வழி விட்டாராம். அடுத்த மூட்டையை அப்பாவின் தலையில் ஏற்றிவிட்டாராம்.

பதினெட்டுத் திருகில் எங்கள் குளத்தில் அலை தணிந்தது. இருபதில் ஷட்டர் முழுதாக ஏறி நின்றது. கரை நின்றது. சரிந்த இடத்தில் தண்ணீர் கசிந்து ஆறு வீடுகளுக்குள் முழங்கால் அளவு புகுந்ததோடு சரி. ஒரு உயிருக்கும் ஒன்றும் இல்லை. அக்கரையில் ஒன்பது பேரில் ஏழு பேரின் வெங்காயம் மேடேறியது. கடைசி இரண்டு வயலுக்குச் சேற்றில் டிராக்டர் இறங்கவில்லை. அவற்றில் ஒன்று மச்சானுடையது. தார்ப்பாயோடு சேர்ந்து குவியல் மிதந்து போனதைத் தன் போனில் படம் பிடித்து அக்காவுக்கு அனுப்பினார். கீழே ஒரு வரி: "கெடா சோறு மீதி இருக்கா?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு ஊரும் மறுபடி தடுப்பணையில் கூடியது. இந்த முறை சாவிக்காரப் பெண்கள் இருவரையும் முதலில் உட்கார வைத்தோம். பதினைந்தாவது பாயின்ட்டை எல்லோரும் கத்தக் கத்த நான் எழுதினேன்: தண்ணீர் அதிகமாக வந்தாலும் பங்குதான். தண்ணீரால் ஒரு ஊருக்கு வரும் நஷ்டம் இரண்டு ஊருக்கும் பாதி. பொங்கலுக்கும் ஆடிக்கும் சாவி யார் வீட்டில் இருக்க வேண்டும் என்பதை டீக்கடை அக்கா சொன்னபடி எழுதினேன். நாங்கள் யாரும் மறுபேச்சுப் பேசவில்லை.

நஷ்டக் கணக்கில்தான் டிராக்டர் சித்தப்பா எழுந்தார். "வெங்காயம் அவுக வெங்காயம். அதுக்கு நாம எதுக்குப் பாதி குடுக்கணும்?"

"தண்ணி ஒங்க தண்ணி சித்தப்பா" என்றாள் அக்கா.

"அப்ப எங்க ஆறு வீட்டுக்கு அவுக பாதி குடுப்பாகளா?"

"குடுப்போம்" என்றார் மச்சான். "டிராக்டர் டீசலுக்கும் குடுப்போம். நீங்க எங்க ஊர்ல குடிச்ச டீய மட்டும் கணக்குல சேக்கலை."

சித்தப்பா உட்கார்ந்தார். நான் கூட்டிச் சொன்னேன். அக்கா ஒருமுறை சரிபார்த்தாள். மச்சான் ஒருமுறை சரிபார்த்தார். இரண்டு வயல் வெங்காயம், சரிந்த கரைக்கு ஜேசிபி வாடகையும் மண்மூட்டையும், மறுகாலில் கருவேலம் வெட்டிய கூலி, ஆறு வீட்டில் நனைந்த அரிசியும் நெல்லும் பாயும், ஐந்து டிராக்டருக்கு டீசல், எல்லாம் சேர்த்து இரண்டு லட்சத்துப் பதினெட்டாயிரத்து நானூறு ரூபாய். ஊருக்கு ஒரு லட்சத்து ஒன்பதாயிரத்து இருநூறு.